மலையிறக்கமும் தேய்ந்த பிரேக்கும்

மலைநாட்டிற் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சாலைதான் உயிர்நாடி. மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன் வரையில் ஒரு காலத்தில் சிறிய ரயில் ஓடியது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதனை அடித்துக்கொண்டு போயிற்று. அதன் பிறகு பொங்கலுக்கு ஊருக்குப் போவதாயினும், கலியாணத்துக்குப் போவதாயினும், பிள்ளைப்பேற்றுக்கு மகளை அழைத்துச் செல்வதாயினும், ஜீப்பையோ காரையோ பேருந்தையோதான் நாம் நம்ப வேண்டியிருக்கிறது. அவ்வண்டிகளின் உயிர்நிலையாகிய பிரேக்கைப் பற்றி இத்திங்கள் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

மாட்டுப்பட்டியிலிருந்து மூணாறு சுமார் 13 கிலோமீட்டர். அங்கிருந்து பூப்பாறை கடந்து போடிமெட்டுக்கு வந்தால், 17 கொண்டை ஊசி வளைவுகள் கீழே காத்திருக்கின்றன. போடிநாயக்கனூரை அடைவதற்குள் வண்டி ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறது. ஏறும்போது இன்ஜின் பாடுபடுகிறது. இறங்கும்போது அந்தப் பாடு முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. ஒரு டன் எடையுள்ள வண்டி ஆயிரம் மீட்டர் இறங்குவதில் வெளிப்படும் சக்தியை வெப்பமாகக் கணக்கிட்டால், ஏறக்குறைய 30 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். இன்ஜினின் துணையின்றி இறங்கினால், அவ்வளவு வெப்பத்தையும் நான்கு சக்கரங்களின் பிரேக்குகளே தாங்கியாக வேண்டும். எட்டுப் பேர் ஏற வேண்டிய ஜீப்பில் பதினைந்து பேரை ஏற்றினால் சுமை இன்னும் கூடும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பிரேக் என்பது உராய்வினால் வேலை செய்யும் சாதனம். காலால் மிதிக்கும் அழுத்தம் எண்ணெய்க் குழாய் வழியே சென்று, டிஸ்க்கின்மேல் பேடையோ, டிரம்மின் உட்புறத்தில் லைனிங்கையோ அழுத்துகிறது. உராயும் பொருள் தேயவே செய்யும். அது தேயும் பொருட்டே அமைக்கப்பட்டது. ஆகையால் தேய்வது குற்றமன்று, தேய்ந்ததை மாற்றாமல் விடுவதே குற்றம். புதிய பேடின் கனம் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். அது 3 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகும் ஓட்டினால் இரும்பும் இரும்பும் உரசி, டிஸ்க் கீறிப்போகும். சிறு செலவைத் தள்ளிப்போட்டவர் பெருஞ் செலவுக்கு ஆளாவார். அது வெறும் பணச்செலவாகவே முடிந்தால் பாக்கியம் என்றே சொல்ல வேண்டும்.

பிரேக் எண்ணெயைப் பற்றிப் பலரும் நினைப்பதேயில்லை. இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மழை ஓயாத நம் பகுதியைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. சாதாரணமாக வழங்கும் டாட் 3 எண்ணெய் புதிதாயிருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாத வெப்பத்திலேதான் கொதிக்கும். ஈரம் ஏறினால் இது 140 டிகிரி வரையிலும் இறங்கிவிடக்கூடும். நெடிய இறக்கத்தில் எண்ணெய் கொதித்து, குழாயில் ஆவி நிரம்பிவிட்டால், மிதிகட்டை தரை வரையில் போகும், வண்டியோ நிற்காது. வீட்டு வாசலில் நன்றாகப் பிடித்த பிரேக் மலைச்சரிவில் கைவிடுவதன் மர்மங்களில் இதுவும் ஒன்று. இரண்டு வருஷத்திற்கு ஒரு முறையாவது எண்ணெயை மாற்றுவது நலம்.

ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் எமக்கு, இவ்விஷயத்தில் ரயில்வேயாரின் வழக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் செல்லும் மலை ரயிலை வாசகர்கள் அறிவார்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டரை அடிக்கு ஓரடி வீதம் சரிவு. அங்கே ஒரே பிரேக்கை நம்பி எவரும் வண்டியை இறக்குவதில்லை. இன்ஜினிலுள்ள பிரேக்குகள் போதாவென்று பெட்டிதோறும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று காவல் காக்கிறார். மேலும், ரயில்களின் காற்று பிரேக்கில் ஓர் ஏற்பாடு உண்டு: குழாய் அறுந்து காற்று வெளியேறினால் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். நம் காரின் பிரேக்கோ அதற்கு நேர் மாறானது. எண்ணெய் கசிந்தால் பிடிப்பு போய்விடும். இவ்வளவு பாதுகாப்பு உள்ளவர்கள் இவ்வளவு ஜாக்கிரதையாயிருக்க, நாம் மட்டும் தேய்ந்த லைனிங்கையும் தெய்வத்தையும் நம்பிப் புறப்படலாமா?

அலட்சியத்தின் பலனை நம் மாவட்டம் அறியாததன்று. 2025 ஜனவரி 6-ஆம் தேதி, தஞ்சாவூர் சென்று மாவேலிக்கரைக்குத் திரும்பிய அரசுப் பேருந்து ஒன்று, குட்டிக்கானத்துக்கும் முண்டக்கயத்துக்கும் நடுவே புல்லுப்பாறையில் பள்ளத்தில் கவிழ்ந்தது. நால்வர் உயிரிழந்தனர். பிரேக் செயலிழந்ததே காரணமாயிருக்கலாமென்று முதலிற் கருதப்பட்டது. அடுத்த மாதமே, பிப்ரவரி 19-ஆம் தேதி, நம் மாட்டுப்பட்டி எக்கோ பாயின்ட் அருகே நாகர்கோவில் மாணவர்களுடைய சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து மூவர் மாண்டனர். அங்கே வேகமே காரணமெனப்பட்டது. வேகமும் பிரேக்கும் ஒன்றையொன்று தொடர்ந்தவை. வேகம் இருமடங்கானால், நிறுத்துவதற்குப் பிரேக் செய்ய வேண்டிய வேலை நான்கு மடங்காகும்.

பிரேக் பெரும்பாலும் சொல்லாமல் கெடுவதில்லை. அதன் பாஷையைக் கேட்கத்தான் நமக்குப் பொறுமையில்லை. மிதித்தால் கிறீச்சென்று கத்துவது, இரும்பு உரசும் ஓசை, வண்டி ஒரு பக்கமாக இழுப்பது, மிதிகட்டை வழக்கத்தைவிட ஆழமாக இறங்குவது, எண்ணெய்ச் சிமிழில் அளவு குறைவது, இறக்கத்தில் தீய்ந்த நாற்றம் வருவது ஆகிய இவையெல்லாம் அதன் முறையீடுகள். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே மலையிறங்க வேண்டும். 'ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்பது மிகவும் ஆபத்தான வார்த்தை. ஊர் இருப்பதோ மலைக்குக் கீழே!

ஓட்டும் முறையும் முக்கியம். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலையோட்டிகளின் பழைய பாடம். அப்போது இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக்கு ஆறும். பெட்ரோல் மிச்சமாகுமென்று நியூட்ரலில் விடுவதும், இன்ஜினை அணைத்து உருட்டுவதும் உயிரை விற்றுக் காசு சேர்ப்பதாகும். இன்ஜின் அணைந்தால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசையும் சில மிதிகளில் தீர்ந்துவிடும். பிரேக் சூடேறினால் சமதரையில் ஒதுக்கி நிறுத்தி ஆறவிட வேண்டும். பழுக்கக் காய்ந்த டிரம்மில் தண்ணீரை ஊற்றினால் இரும்பு வெடிக்கக் கூடும். நீர் நிறைந்த பாதையைக் கடந்தபின் மெல்ல ஓட்டியபடியே பிரேக்கை இலேசாக மிதித்து ஈரத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். ஒருவேளை பிரேக் பிடிக்காமற் போனால், மிதிகட்டையை விட்டு விட்டு மிதித்து, ஒவ்வொரு கியராகக் குறைத்து, ஹாண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். வேறு வழியில்லையெனில் பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச்சுவரின் பக்கமே வண்டியை அணைக்க வேண்டும்.

பிரயாணிகளுக்கும் கடமை உண்டு. வாடகை ஜீப்பில் ஏறும் தாய்மார்கள், 'பிரேக்கைப் பார்த்தீர்களா, தம்பி?' என்று கேட்கத் தயங்க வேண்டாம். நல்ல ஓட்டுநர் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். இரவில் புறப்பட்டு விடியலில் ஊர் சேர வேண்டுமென்று அவரை விரட்டுவதும் தகாது.

வண்டிக்குப் பொட்டிட்டு எலுமிச்சம்பழம் கட்டும் நம் வழக்கம் இருக்கட்டும். அதற்கு முதல் நாள் சக்கரத்தைக் கழற்றி லைனிங்கையும் ஒரு தரம் பார்த்துவிட்டால், பண்டிகைக்குப் போனவர்கள் பண்டிகை முடிந்து க்ஷேமமாகத் திரும்பி வருவார்கள்.