பளிங்குச் சிற்பமும் கணினியும்

மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளின் கலை வரலாற்றைப் பளிங்குக் கல்லை விடுத்து எழுதுதல் அரிது. அப்பளிங்கினுள்ளும் தலைசிறந்ததெனப் போற்றப்படுவது, இத்தாலியின் தஸ்கனிப் பகுதியிலே அபுவான் மலைச்சாரலில் அமைந்த கராறா நகரத்து வெண்பளிங்காகும். உரோமர் காலத்திலேயே அம்மலையில் கல் வெட்டப்பட்டது. மரித்த இயேசுவை மடியில் தாங்கிய மரியாளின் உருவை வடித்தற்கு வேண்டிய கல்லைத் தேடி மைக்கலாஞ்சலோ 1497ஆம் ஆண்டில் அங்குச் சென்றார். இக்காலத்தில் அந்நகரப் பட்டறைகள் சிலவற்றிலே கல்லைச் செதுக்குவன கணினியால் இயக்கப்படும் இயந்திரக் கைகள். இம்மாற்றம் சிற்பக் கலையின் எப்பகுதியைத் தாக்குகின்றது என்பது ஆராயத்தக்கது.

முதற்கண் அதன் செயன்முறையை அறிதல் வேண்டும். கலைஞர் களிமண்ணிலோ பரிசுச் சாந்திலோ ஒரு மாதிரியுருவை அமைப்பர். மண்ணைத் தொடாது கணினித் திரையிலேயே உருவை வனைவாரும் உளர். மாதிரியுருவின் மேற்பரப்பு லேசர் முதலிய ஒளிக்கருவிகளால் அளக்கப்பட்டு, இலட்சக்கணக்கான புள்ளிகளாகக் கணினியிற் பதியப்படும். வெட்டுமுனை எவ்வழிச் செல்லல் வேண்டும், எத்துணை ஆழம் இறங்கல் வேண்டும் என்பவற்றை மென்பொருள் கணித்துத் தரும். பின்னர் வைரத்துகள் பதித்த முனையைத் தாங்கிய இயந்திரக் கை, நீர் சொரியச் சொரிய, இரவு பகலாகக் கல்லைக் குறைத்துச் செல்லும். மாதக்கணக்கில் நடைபெற்ற வேலை இவ்வாறு நாட்கணக்கில் முடிகின்றது. தசையின் மென்மையையும் ஆடையின் மடிப்பையும் துலக்கும் இறுதி வேலை மட்டும் மனிதக் கைக்கு எஞ்சும்.

கலைஞன் கைபடாத சிற்பம் கலையாகுமோ என வினவுவார் உளர். இவ்வினா கணினிக்கு மிக முற்பட்டது. அந்தோனியோ கனோவாவின் (1757–1822) பரிசுச் சாந்துருவங்கள் அவர் பிறந்த ஊராகிய பொசாஞ்ஞோவிலே இன்றும் காட்சிக்குள்ளன. அவற்றின் உடலெங்கும் சிறு உலோக முளைகள் பதிந்திருத்தலைக் காண்பார் முதலில் வியப்புறுவர். அம்முளைகளுக்கு இடைப்பட்ட தூரங்களை அளந்து கல்லுக்கு மாற்றி, உருவின் பெரும்பகுதியைச் செதுக்கியோர் உதவியாளரே. கனோவா இறுதியில் மெழுகுதிரி வெளிச்சத்திலே மேற்பரப்பை நுணுகித் திருத்தி முடிப்பார். லேசர் அளக்கும் புள்ளிகள் அம்முளைகளின் பெருக்கமே எனலாம். ஆதலின் கைபடாமை என்னும் குறையை இயந்திரத்தின் மீது மட்டும் சுமத்துதல் பொருந்தாது.

ஆயின், கனோவாவின் உதவியாளர் முன்னே ஓர் உரு நின்றது. இன்று மூலவுரு அழிந்தொழிந்த பின்னரும் அதனைச் செதுக்கலாம். சிரியாவின் பல்மைராவிலிருந்த உரோமர் காலத்து வெற்றி வளைவு 2015 ஒக்ரோபரில் தகர்க்கப்பட்டது. அதன் நிழற்படங்களைக் கொண்டு கணினியில் முப்பரிமாண உரு ஆக்கி, எகிப்தியப் பளிங்கிலே கராறாவில் இயந்திரத்தாற் செதுக்கி, 2016 ஏப்ரலில் இலண்டன் டிறபல்கார் சதுக்கத்தில் நிறுத்தினர். மத்தியதரைப் பண்பாடுகள் மூன்று ஒரு பொருளிற் கூடியமை வியத்தற்குரியதே. எனினும் அது மூலத்தினும் சிறியது. பதினெட்டு நூற்றாண்டு வெயிலும் காற்றும் மூலக் கல்லில் இட்ட தழும்புகளை அதனிடத்து எதிர்பார்த்தல் இயலாது. அதனை நினைவுச் சின்னமென ஏற்கலாம். பல்மைரா மீண்டதெனக் கொள்ளுதல் மிகை.

இவற்றினும் பெரியதொரு கவலை பட்டறையின் உள்ளேயே உள்ளது. முரட்டுக் கல்லைப் பருவெட்டாகக் குறைக்கும் வேலையே மாணாக்கனுக்குப் பள்ளியாயிருந்தது. கல்லின் நரம்பு ஓடும் திசை, பிளவு மறைந்திருக்கும் இடம், உளி படும்போது எழும் ஓசையின் வேறுபாடு ஆகியவற்றை அவன் பயின்றது அவ்வேலையிலேதான். தூசி நிறைந்த அக்கடுந்தொழிலை இளைஞர் நாடாமையாலேயே இயந்திரம் வேண்டப்பட்டது என வாதிப்போர் கூற்றிலும் உண்மையுண்டு. ஆயினும், பருவெட்டைப் பயிலாத கை இறுதித் திருத்தத்தை எங்ஙனம் கற்கும்? இயந்திரம் வருமுன் உளி பிடித்துப் பழகியோர் பட்டறைகளில் இன்னும் உள்ளமையால் இக்குறை இப்பொழுது வெளிப்படத் தோன்றவில்லை.