ஷஅபான் பதினைந்தாம் இரவு

 ரமலானுக்கு முந்திய மாதம் ஷஅபான். ரமலானைத் தவிர்த்தால் இம்மாதத்தைப் போல வேறெந்த மாதத்திலும் நபிகள் நாயகம் (ஸல்) அத்தனை அதிகமாக நோன்பு நோற்றதை நான் கண்டதில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்த செய்தி ஹதீஸ் நூல்களான புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றிருப்பதால், இம்மாதத்து நஃபில் நோன்பின் மேன்மையில் எவருக்கும் ஆட்சேபமில்லை. விவாதமெல்லாம் மாதம் பாதியாகும்போதுதான் தொடங்குகிறது.

பாதிக்குப் பின் நோன்பு வேண்டாம் என்று அபூதாவூதில் காணப்படும் ஹதீஸைத் திர்மிதி ஏற்றுக்கொண்டார். இமாம் அஹ்மதோ அதை நிராகரித்தார். ஷாஃபி மத்ஹபு அதன்படியே தடை விதிக்க, மற்ற மூன்று மத்ஹபினரில் பெரும்பாலோர் அவ்வாறு தடுப்பதில்லை.

ஷஅபான் பதினைந்தாம் இரவு வணக்கத்தின் சரித்திரம் இதைவிடச் சுவாரசியமானது. நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையினரான சிரியாவின் தாபியீன்களில் ஒருவரான காலித் இப்னு மஅதான் போன்றோர் பதினைந்தாம் இரவில் நல்லாடை அணிந்து, சுர்மாவிட்டு, சாம்பிராணி மணக்கப் பள்ளிவாசலில் விழித்திருந்தார்கள் என்றும், அதே காலத்தில் ஹிஜாஸின் அறிஞர்களான அதா முதலியோர் இதற்கு ஆதாரமில்லை என்று மறுத்தார்கள் என்றும் அறிஞர் இப்னு ரஜப் எழுதி வைத்திருக்கிறார். அவ்விரவில் தொழும் நூறு ரக்அத் தொழுகையோ பிற்காலத்தது. ஹிஜ்ரி 448-ல் நாப்லுஸிலிருந்து ஜெரூசலம் வந்த இனிய குரலுடைய ஒருவர் அக்ஸா பள்ளிவாசலில் அவ்விரவு தனியே தொழுதுகொண்டிருக்க, பின்னால் ஒருவர் வந்து சேர்ந்தார், பிறகு மூன்றாமவர், நான்காமவர் என்று பெருகி, தொழுகை முடிவதற்குள் அது பெரிய ஜமாஅத்தாகிவிட்டதென்றும், மறு வருஷம் அவரோடு திரளானோர் தொழுதார்களென்றும் அறிஞர் துர்தூஷி பதிவு செய்கிறார். இந்தத் தொழுகையை இமாம் கஸ்ஸாலி இஹ்யா என்ற தம் நூலில் இடம்பெறச் செய்தார். அவரைப் போலவே ஷாஃபி மத்ஹபினரான இமாம் நவவியோ, இஹ்யாவில் இருப்பதைக் கண்டு மயங்கிவிடாதீர்கள் என்று எச்சரித்து, அதைப் பித்அத் (மார்க்கத்தில் புகுந்த புதுமை) என்றே தீர்ப்பளித்தார். ஆக, நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் பராஅத் இரவு எனப்படும் இப்பதினைந்தாம் இரவன்று மஃரிபுக்குப் பின் மூன்று யாசீன் ஓதுவோரும், அதைக் கண்டிக்கும் தவ்ஹீத் இயக்கத்தாரும் நடத்தும் வாதத்தை, யாரோ நேற்றுக் கிளப்பிவிட்ட கலகமென்று இருதரப்பாரும் பரஸ்பரம் பழிப்பது அறியாமையே.

என் மனத்துக்கு இசைந்தது சிரியாவின் இமாம் அவ்ஸாயீ சொன்ன வழி: பள்ளிவாசலில் கூட்டமாகக் கூடுவதை அவர் விரும்பவில்லை, தன்னந்தனியே ஒருவன் தொழுவதை வெறுக்கவுமில்லை. இப்னு தைமிய்யாவும் ஏறக்குறைய இதே பக்ஷத்தினர் என்பது அவர் பெயரைச் சொல்லியே சண்டையிடுவோர் பலருக்குத் தெரியாது.

மீண்டும் நோன்புக்கு வந்தால், சென்ற ரமலானில் நோன்பு தவறியவர்கள் ஷஅபானில் பாதி கழிந்ததே என்று தயங்க வேண்டியதில்லை. விடுபட்டதை ஈடுசெய்யும் களா நோன்புக்கு ஷாஃபிகளின் தடை பொருந்தாது. அன்னை ஆயிஷாவே தமக்கு விடுபட்ட நோன்புகளை ஷஅபானில்தான் நிறைவேற்றி வந்தார்.