பந்து வளையாத ஊருக்கு ஒரு ரகசியப் பயணம்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒமாஹா என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே ஒரு தகப்பனார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருடைய மகனுக்கு ஏறக்குறைய உங்கள் வயது. பள்ளியின் பேஸ்பால் அணியில் பந்து எறிபவன். அவன் பிறந்த நாளை ஒட்டிய வார இறுதியில் பெரிய அணிகள் மோதும் ஆட்டம் ஒன்றை அவனுக்குக் காட்ட வேண்டும். மைதானத்தின் வாசலில் வண்டி நிற்கும்வரை விஷயம் அவனுக்குத் தெரியவே கூடாது என்பது தகப்பனாரின் திட்டம். ஒமாஹாவில் முதல்தர லீக் அணி கிடையாது. தெற்கே சுமார் 300 கி.மீ. சென்றால் கான்சஸ் சிட்டி. மேற்கே சுமார் 870 கி.மீ. சென்றால் டென்வர். கையில் உள்ள பணத்துக்கு ஆண்டில் ஒரு பயணம்தான் கட்டுப்படியாகும். எங்கே போவது?

மகனையே கேட்டுவிடலாம். ஆனால் கேட்ட மாத்திரத்தில் ரகசியம் போய்விடும். ஆகவே அவராகவே யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

"பக்கத்தில் இருப்பது கான்சஸ் சிட்டிதானே, அங்கேயே போகட்டும்" என்று நீங்கள் சொல்லக்கூடும். விதிகள் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். பந்தும் மட்டையும் ஒரே அளவுதான். இருந்தாலும் இரண்டு ஊர்களிலும் நடக்கும் ஆட்டம் ஒன்றல்ல. அங்கே உள்ள காற்று வேறு, இங்கே உள்ள காற்று வேறு.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு பேஸ்பாலைப் பற்றிச் சில வார்த்தைகள் போதும். எறிபவர் ஓடி வருவதில்லை. 18.44 மீட்டர் தூரத்தில் உள்ள ஒரு சிறு மேட்டில் நின்றபடியே எறிகிறார். பந்தின் எடை 142 முதல் 149 கிராம் வரை. கிரிக்கெட் பந்தைவிடச் சற்று இலேசு. மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் எறிந்தால் அது மட்டையாளரை அடைய 0.4 விநாடிதான் ஆகும். அடித்த பந்து எல்லை வேலியைத் தாண்டிப் போய் விழுந்தால் அது 'ஹோம் ரன்'; நம் சிக்சரைப் போன்றது. முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. எறியும் பந்து தரையில் குத்தி எழும்புவதில்லை. கிரிக்கெட்டில் மட்டையாளரை ஏமாற்ற ஆடுகளத்தின் வெடிப்பும் ஈரமும் கைகொடுக்கும். பேஸ்பால் எறியாளருக்கு அந்த வசதி இல்லை. புவியீர்ப்பைத் தவிர, காற்று ஒன்றுதான் அவருக்குத் துணை.

டென்வரில் இந்தத் துணைதான் காலை வாரிவிடுகிறது. அந்நகரம் கடல்மட்டத்திலிருந்து சரியாக ஒரு மைல், அதாவது 1,609 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் ஏற்காட்டைவிடச் சற்றே அதிக உயரம். அங்குள்ள கூர்ஸ் ஃபீல்டு மைதானம் 1995-இல் திறக்கப்பட்டது. அதன் மேல்மாடியில் 20-வது வரிசை இருக்கைகளுக்கு மட்டும் ஊதா நிறம். அந்த வரிசையில் உட்கார்ந்தால் நீங்கள் ஒரு மைல் உயரத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தின் பாதரச அழுத்தமானி கடலோர ஊரில் 76 செ.மீ. காட்டும் அல்லவா? அதையே டென்வருக்குக் கொண்டுபோனால் சுமார் 63 செ.மீ.தான் காட்டும். வெப்பநிலை ஒன்றாக இருந்தால் காற்றின் அடர்த்தியும் அதே விகிதத்தில் குறையும். கடல்மட்டத்தில் 100 பங்கு என்றால் டென்வரில் சுமார் 82 பங்கு. கான்சஸ் சிட்டியோ 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் உள்ளது. அங்குள்ள காற்றுக்கும் கடற்கரைக் காற்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இந்த 18 பங்கு குறைவால் என்ன நடக்கிறது?

அடித்த பந்து அதிக தூரம் போகிறது. கடல்மட்டத்தில் 120 மீட்டர் போகும் பந்து டென்வரில் ஏறக்குறைய 126 மீட்டர் போகும். "காற்று 18 சதவிகிதம் குறைந்திருக்க, தூரம் 5 சதவிகிதம்தானா கூடியது?" என்று கேட்டால் அது நல்ல கேள்வி. முதலாவதாக, பந்து விழும் இடத்தைத் தீர்மானிப்பது காற்றின் தடை மட்டுமல்ல. புவியீர்ப்பு எந்த உயரத்திலும் தன் வேலையைக் குறைவில்லாமல் செய்கிறது. இரண்டாவதாக, நன்றாக அடிபட்ட பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டே பறக்கும். அந்தச் சுழற்சி காற்றின் உதவியால் பந்தைத் தூக்கிப் பிடிக்கும். காற்று குறைந்தால் தடையோடு சேர்ந்து இந்தத் தூக்கலும் குறைந்துவிடுகிறது. ஒரு கையால் கொடுத்ததில் கொஞ்சத்தை மறுகையால் வாங்கிக்கொள்வது போல!

ஆனால் ஆறு மீட்டர் என்பது சாமானியமல்ல. வேலியருகே பிடிபட வேண்டிய பந்து கூட்டத்துக்குள் போய் விழுகிறது. இதை எதிர்பார்த்தே மைதானத்தை அகலமாகக் கட்டினார்கள். நடுப்பகுதியில் வேலி 126 மீட்டருக்கும் சற்று அப்பால் இருக்கிறது. அப்படியும் 1999-ஆம் ஆண்டின் ஆட்டங்களில் அந்த ஒரே மைதானத்தில் 303 ஹோம் ரன்கள் அடிக்கப்பட்டன. 2002 முதல் பந்துகளை 50 சதவிகித ஈரப்பதம் உள்ள ஓர் அறையில் வைத்திருந்து எடுக்கிறார்கள். டென்வரின் வறண்ட காற்றில் பந்து உலர்ந்து, எடை குறைந்து, மட்டையில் பட்டதும் அதிகமாகத் துள்ளுகிறது. ஈர அறை அதைத் தடுக்கிறது. 2022 முதல் லீகின் 30 அணிகளுக்கும் இத்தகைய அறை வந்துவிட்டது.

மட்டையாளர்களை ரசிப்பவனுக்கு டென்வர் ஒரு திருவிழாதான். ஆனால் நம் தகப்பனாரின் மகன் மட்டையாளன் அல்ல, எறிபவன். அவன் அறைச் சுவரில் ஒட்டியிருப்பதும் ஓர் எறியாளரின் படம். அவனுக்கு உயிர் 'வளைபந்து'.

வளைபந்தின் ரகசியம்

வளைபந்து எறிபவர், பந்தின் மேற்புறம் முன்னோக்கி உருளும்படி அதைச் சுழற்றிவிடுகிறார். பந்தின் தோலைச் சுற்றி 108 இரட்டைத் தையல்கள் உண்டு. சுழலும் பந்தும் அதன் தையல்களும் தங்களை ஒட்டிய காற்றைப் பற்றி இழுக்கின்றன. அதனால் பந்தின் பின்னால் பிரியும் காற்றோட்டம் சற்றே மேல்நோக்கித் திரும்புகிறது. பந்து காற்றை மேலே தள்ளுகிறது என்றால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்று பந்தைக் கீழே தள்ள வேண்டும் அல்லவா? எனவே புவியீர்ப்பால் இறங்குவதைவிட அதிகமாகவே பந்து இறங்கிவிடுகிறது. மட்டை சுழலும் இடத்தில் பந்து இருப்பதில்லை. 1852-இல் ஜெர்மானிய விஞ்ஞானி மாக்னஸ் ஆராய்ந்த விளைவு இது. நம் சுழற்பந்து வீச்சாளர்கள் எறியும் பந்து காற்றிலேயே விலகிச் செல்வதற்கும் இதுவே காரணம்.

பந்து உண்மையில் வளைவதில்லை, அது வெறும் கண்மயக்கு என்று வாதாடியவர்களும் இருந்தார்கள். லைமன் பிரிக்ஸ் என்ற இயற்பியல் அறிஞர், எண்பது வயதைக் கடந்த பின்னர், காற்றுச் சுரங்கத்தில் பந்துகளைச் சுழலவிட்டு அளந்தார். 1959-இல் அவர் வெளியிட்ட முடிவின்படி பந்து 44 செ.மீ. வரை வளைய முடியும்.

இப்போது நீங்களே கணக்குப் போடுங்கள். வளைக்கும் விசை காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது. 44-இல் 82 சதவிகிதம் சுமார் 36. அதே எறியாளர் அதே சுழற்சியில் எறிந்தாலும் டென்வரில் 8 செ.மீ. குறைவாகவே வளையும். மட்டையின் மிகப் பருத்த இடத்தின் குறுக்களவே 6.6 செ.மீ.தான்! மட்டைக்குக் கீழே நழுவிப் போக வேண்டிய பந்து, மட்டையின் நடுவிலேயே வந்து மோதுகிறது.

அப்படியானால் வளைபந்துப் பிரியனைக் கான்சஸ் சிட்டிக்குத்தான் அழைத்துப் போக வேண்டும் என்று தோன்றும். என்னைக் கேட்டால் டென்வர்தான் என்பேன். தனக்குத் தெரிந்த வித்தை பலிக்காத இடத்தில் ஒரு கெட்டிக்காரர் என்ன செய்கிறார் என்று பார்ப்பது எறிபவனுக்குப் பெரிய பாடம். 1996 செப்டம்பர் 17 அன்று ஜப்பானியரான ஹிதேயோ நோமோ, கூர்ஸ் ஃபீல்டில் எதிரணியினர் ஒருவரையும் பந்தை அடித்துத் தளம் சேர விடாமல் முழு ஆட்டத்தையும் எறிந்து முடித்தார். மட்டையாளர்களின் சொர்க்கத்தில் இது நடந்தது! அவருடைய பலம் 'ஃபோர்க் பந்து'. இரு விரல்களைக் கவைபோல் விரித்து அவற்றுக்கிடையே பந்தைப் பிடித்து எறிவது. அது குறைவாகச் சுழல்கிறது. தூக்கிப் பிடிக்கும் விசை அதற்கு அதிகம் கிடைப்பதில்லை. அதனால் சட்டென்று விழுகிறது. விழச் செய்வது புவியீர்ப்பு. டென்வரின் மெல்லிய காற்று அதை என்ன செய்துவிட முடியும்? அன்று இரவு குளிரும் மழையுமாக இருந்ததையும் சொல்ல வேண்டும். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் மாறினால் நீண்ட அடி ஒன்று சுமார் 2 மீட்டர் கூடும் அல்லது குறையும்.

எந்த நாள்?

ஊர் முடிவாயிற்று. இனி நாள். வார இறுதியில் வழக்கமாக வெள்ளி, சனி, ஞாயிறு என்று அதே இரு அணிகள் மூன்று ஆட்டங்கள் ஆடும். ஆட்டத்தைத் தொடங்கும் எறியாளரின் தோள் இளைப்பாற வேண்டும் என்பதால், பல அணிகளில் ஐந்து பேர் முறைவைத்து எறிகிறார்கள். படத்தில் உள்ள எறியாளர் குறிப்பிட்ட ஓர் ஆட்டத்தில் எறிவதற்கான நிகழ்தகவு ஐந்தில் ஒன்று. சனி, ஞாயிறு இரண்டையும் பார்த்தால் ஐந்தில் இரண்டு. மூன்றையும் பார்த்தால் ஐந்தில் மூன்று. ஒரு மாதம் முன்னதாகவே சீட்டு வாங்கிவிட்டால் இந்த அளவு அதிர்ஷ்டத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும். அந்த வாரம்வரை பொறுத்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் திங்களன்று எறிந்தார் என்றால் அடுத்த முறை சனிக்கிழமை. இடையில் ஓய்வு நாளோ மழையோ வந்தால் ஞாயிறு ஆகலாம்.

ஞாயிறு பிற்பகல் ஆட்டம் முடிய மாலை நான்கு மணி ஆகும். பிறகு எட்டு மணி நேரப் பயணம். அதோடு ஒமாஹாவின் கடிகாரம் டென்வரின் கடிகாரத்தைவிட ஒரு மணி முன்னால் ஓடுகிறது. வீடு சேரும்போது நள்ளிரவைத் தாண்டி ஒரு மணி, காலையில் பள்ளி! சனிக்கிழமைதான் நல்லது. கோடையில் ராக்கி மலைச்சரிவுகளில் சூடேறி எழும் காற்று, பிற்பகலில் இடிமேகமாகத் திரண்டு சமவெளிப் பக்கம் நகர்வது அங்கே வாடிக்கை. ஞாயிற்றுக்கிழமையைக் கைவசம் வைத்துக்கொண்டால், சனிக்கிழமை மழை கெடுத்தாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

மேல்மாடியின் தூரத்து மூலையில், மட்டையாளரிடமிருந்து 130 மீட்டர் தள்ளி இடம் கிடைத்தால் வருந்த வேண்டியதில்லை. மட்டை பந்தை அடிப்பதைக் கண் பார்த்த பிறகு, 'டக்' என்ற ஒலி ஏறக்குறைய 0.4 விநாடி கழித்து வந்து சேரும். அந்த நேரத்தில் இன்னொரு பந்தே எறிந்து முடிந்திருக்கும். ஆனால் வளைபந்தைப் பார்க்க வேண்டுமானால் மட்டையாளருக்குப் பக்கவாட்டில் உட்கார வேண்டும். எறிபவருக்கு நேர் எதிரே இருந்தால் பந்து இறங்குவது அவ்வளவாகத் தெரியாது.

எஞ்சியிருப்பது ரகசியம். இதைக் காப்பது கடினம். மாலையில் புறப்பட்ட வண்டியில் சூரியன் வலப்பக்கம் தெரிந்தால் தெற்கே போகிறோம். கண்ணுக்கு நேரே கூசினால் மேற்கே போகிறோம். பையன் இதைக் கவனிக்காமல் இருப்பானா? சாலை பிளாட் ஆற்றை ஒட்டித் தட்டையாகவே கிடக்கிறது. மலை ஏறுவதாக யாருக்கும் தோன்றாது. ஆனால் ஒமாஹாவிலிருந்து டென்வருக்குள் 1,280 மீட்டர் ஏறியாக வேண்டும். கிலோமீட்டருக்குச் சராசரியாக ஒன்றரை மீட்டர். ஒமாஹாவில் வாங்கிப் பிரிக்காமல் வைத்த உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் வழியெல்லாம் மெல்ல மெல்ல உப்பிக்கொண்டே வரும். வெளியே அழுத்தம் குறையக் குறைய உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. திரும்பி வரும்போது இதற்கு நேர்மாறாக நடக்கும். மைதானத்தில் குடித்து முடித்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டியை அங்கேயே இறுக மூடி எடுத்து வந்தால், ஒமாஹா சேரும்போது அது ஒடுங்கிப்போயிருக்கும். நீங்கள் ஏற்காட்டுக்கோ உதகைக்கோ போய்த் திரும்பும்போது இதைச் செய்து பார்க்கலாம்.