மலையில் ஒரு சிவப்புப் புள்ளி

இத்தாலி தேசத்தின் வடமேற்கே 3,841 மீட்டர் உயர்ந்து நிற்பது மான்விஸோ சிகரம். 2024-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அங்கே தனியே ஏறச் சென்ற ஒருவர் வீடு திரும்பவில்லை. மீட்புப் படையினர் கால்நடையாகவும் ஹெலிகாப்டரிலும் பல நாள் தேடினார்கள். பனி விழத் தொடங்கவே தேடுதலை நிறுத்த நேர்ந்தது. 2025-ம் வருஷம் ஜூலைக் கடைசியில் அவர்கள் மீண்டும் சென்றனர். இம்முறை ஆளின்றிப் பறக்கும் இரண்டு டிரோன்கள் ஐந்து மணி நேரத்தில் 183 ஹெக்டேர் பரப்பை ஏறக்குறைய 2,600 படங்களாகப் பிடித்து வந்தன. அவற்றைக் கம்ப்யூட்டர் சில மணி நேரத்தில் பரிசீலித்து, சந்தேகத்துக்குரிய இடங்களைக் குறித்துக் கொடுத்தது. அவற்றில் ஒன்று, நிழல் மூடிய பாறைப் பிளவில் தெரிந்த சிறு சிவப்புப் புள்ளி. அது காணாமற் போனவரின் தலைக்கவசம். பத்து மாதம் ஏங்கியிருந்த குடும்பத்தாருக்கு உடலாவது கிடைத்தது.

முதல் நாளே இந்த யந்திரம் பறந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று கூற நாம் துணியவில்லை. உயிரைப் பணயம் வைத்துத் தேடியவர்களைக் குறை கூறுவதும் நமது நோக்கமன்று. ஆயினும், சில மணி நேரத்தில் முடியக்கூடிய வேலை பத்து மாதத்துக்குப் பின்னர் நடந்தது என்ற எண்ணம் நம் மனத்தை உறுத்தாமலிருக்க முடியவில்லை.

காலத்தில் செய்தால் என்ன பலன் என்பதற்குப் போலந்து தேசம் சாட்சி. 2021-ம் வருஷம் ஜூன் மாதத்தில் அங்கே பெஸ்கிட் நிஸ்கி மலைப் பிரதேசத்தில் 65 வயதான ஒருவர் காணாமற் போய் ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. மலை மீட்புப் படையினர் டிரோனைப் பறக்கவிட்டு, வ்ரோத்ஸ்வாஃப் சர்வகலாசாலை நிபுணர்கள் உருவாக்கிய முறையில் படங்களைக் கம்ப்யூட்டரால் ஆராய்ந்தனர். ஏறக்குறைய நாலரை மணி நேரத்தில் அவர் உயிருடன் கண்டுபிடிக்கப்பட்டார்.

நிற்க. இந்த யந்திரத்தின் யோக்கியதை என்ன, அதன் எல்லை எது என்பதையும் பாரபட்சமின்றி ஆராய வேண்டும். உயரத்திலிருந்து எடுத்த படத்தில் மனிதன் கடுகளவே தெரிவான். ஆயிரக்கணக்கான படங்களைப் பார்க்கும் மனிதக் கண் சோர்ந்துவிடும், யந்திரம் சோர்வதில்லை. சுற்றியுள்ள பாறைக்கும் புல்லுக்கும் பொருந்தாத நிறத்தையும் உருவத்தையும் அது பொறுக்கி எடுக்கிறது. ஆனால் எவரோ எறிந்த பிளாஸ்டிக் பையையும் அது மனிதனென்று காட்டக்கூடும். அடர்ந்த காட்டு மரங்களின் கீழ் விழுந்து கிடப்பவனை அதனாலும் காண முடியாது. உடற்சூட்டைக் கொண்டு கண்டறியும் காமிரா இரவில் பெரிதும் உதவும்; வெயிலில் பாறை சுட்டபின் அதன் பயன் குறைந்துவிடும்.

ஆகவே, யந்திரம் சாட்சி சொல்லலாம். அச்சாட்சியை விசாரித்து முடிவு கூற வேண்டியவன் மனிதனே. மான்விஸோவில் எந்தப் பள்ளத்தாக்கின் மேல் பறப்பது என்று நிச்சயித்தவர்கள் மலையின் இயல்பை நன்கறிந்த மீட்புப் படையினர். சிவப்புப் புள்ளியை நெருங்கிச் சோதிக்க மறுபடியும் டிரோனை அனுப்பியவர்களும் அவர்களே. சர்க்கார்கள் டிரோன்களை விலைக்கு வாங்கிக் கிடங்கில் அடுக்கி வைத்துவிட்டுக் கடமை தீர்ந்ததென்று இருந்தால் ஓர் உயிரும் பிழைக்காது. ஆபத்து நேரும் மலையடிவாரத்திலேயே, பழகிய கைகளில், அவை ஆயத்தமாக இருக்க வேண்டும்.

வழிதவறியவனைத் தேடும் அதே கண், வழியோடு செல்லும் பிரஜையையும் வேவு பார்க்க வல்லது. மீட்புக்காக எடுத்த படங்கள் மீட்புக்கு மட்டுமே பயன்பட வேண்டுமென்று சட்டம் தெளிவாக விதிப்பது அவசியம். ஆனால் அந்த அச்சத்தைச் சாக்காகக் காட்டித் தாமதம் செய்வது தர்மமாகாது. மலையிடுக்கில் விழுந்து கிடப்பவனுக்கு ஒவ்வொரு மணியும் ஆயுளே. கடைசி நாளில் உடலைத் தேட உதவிய யந்திரத்தை முதல் நாளிலேயே உயிரைத் தேட அனுப்புவதுதான் இனி மீட்புப் படைகளின் நியதியாக வேண்டும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.