கைக்குழந்தையோடு நட்சத்திர உணவகத்துக்கு

புக்கிட் தெங்காவிலிருந்து ஜார்ஜ்டவுனுக்குப் போக 1985 முதல் பினாங்குப் பாலம் இருக்கிறது. 2020 ஜனவரி முதல் காரில் குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். அதையும் பெற்றோர் வாங்கிப் பொருத்திவிட்டார்கள். சிக்கல் தொடங்குவது அக்கரையில், வெள்ளை விரிப்புப் போட்ட மேசைக்கு முன்னால்தான். ஏழு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகலாமா?

நாசி கண்டார் கடையிலோ லிட்டில் இந்தியாவின் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையிலோ இந்தக் கேள்வியே எழாது. அங்குள்ள இரைச்சலில் அழுகை கரைந்துபோகும். அம்மா சாப்பிட்டு முடிப்பதற்குள் பிள்ளை மூன்று மடி மாறியிருக்கும்.

நட்சத்திர உணவகத்தின் கதை வேறு. கோலாலம்பூருக்கும் பினாங்குக்குமான முதல் மிச்சலின் கையேடு 2022 டிசம்பரில் வெளியானது. பினாங்கில் ஆன்ட்டி கேய்க் லியன்ஸ், ஓ ஜார்டன் ஆகிய இரண்டு உணவகங்களுக்கும் தலா ஒரு நட்சத்திரம் கிடைத்தது. அதன்பின் திருமண நாளுக்கு இப்படிப்பட்ட இடத்தில் ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்ற ஆசை சாதாரணக் குடும்பங்களுக்கும் வந்திருக்கிறது. ஒவ்வொரு பதார்த்தமாகப் பரிமாறும் விருந்து இரண்டு, மூன்று மணி நேரம் நீளும். கைக்குழந்தைக்கோ இரண்டு, மூன்று மணிக்கொரு தரம் பசிக்கும். விருந்து முடிவதற்குள் ஒரு தடவையாவது அது அழத்தான் செய்யும்.

2014 ஜனவரியில் சிகாகோவின் அலீனியா உணவகத்தில் நடந்தது இதுதான். அப்போது அது மூன்று நட்சத்திர உணவகம். ஒரு தம்பதி எட்டு மாதக் குழந்தையோடு வந்தார்கள், குழந்தை அழுதது, பக்கத்து மேசைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். சமையல் கலைஞர் கிராண்ட் அக்காட்ஸ் அன்றிரவு ட்விட்டரில் தன் தவிப்பைக் கொட்டினார். நாடகத்துக்கும் கச்சேரிக்கும் கைக்குழந்தையைக் கொண்டுபோவார்களா, குழந்தைகளே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்டார். அமெரிக்கா முழுக்க விவாதம் மூண்டது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள இருந்தவர் கடைசி நேரத்தில் வரவில்லை என்பது பிறகு தெரிந்தது. நாடக டிக்கெட்டைப் போல முன்பணம் கட்டி இடம் பிடிக்கும் முறை அங்கே. வராவிட்டால் பணம் திரும்பாது. அந்தத் தம்பதியைக் குறை சொல்வது எளிது. ஆனால் குழந்தை வரலாமா கூடாதா என்று பணம் வாங்கும்போதே சொல்லியிருந்தால் யாருக்கும் மனக்கசப்பு இருந்திருக்காது.

இத்தகைய உணவகங்கள் எதிர்பார்க்கும் நிசப்தத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஜார்ஜ்டவுன் கடலோரத்தில் சார்க்கீஸ் சகோதரர்கள் 1885-இல் தொடங்கிய ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஹோட்டல் போன்ற இடங்களில் துரைமார் நிம்மதியாகச் சாப்பிட்ட காலத்தில், அவர்கள் பிள்ளைகள் ஆயாக்களின் இடுப்பில் இருந்தார்கள். பெரியவர்கள் மேசை அமைதியாக இருந்ததற்குப் பின்னால் இன்னொருத்தியின் உழைப்பு இருந்தது. இன்று பிறை, புக்கிட் மின்யாக் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் தம்பதிக்கு ஆயாவும் இல்லை, பாட்டியும் பக்கத்தில் இல்லை. அவர் சுங்கைப் பட்டாணியிலோ ஈப்போவிலோ இருப்பார். 2023 முதல் 98 நாளாக உயர்ந்த மகப்பேறு விடுப்பு முடிந்ததும் பகலில் பிள்ளையைப் பார்க்கக் காப்பகம் உண்டு. இரவில் யார்?

ஆகவே குழந்தையோடுதான் போக வேண்டும் என்றால், கொஞ்சம் திட்டம் தேவை. இரவு எட்டு மணிக் கூட்டத்தைவிட மதிய விருந்து நல்லது. அல்லது கடை திறந்தவுடன் போய்விடலாம். பழைய கடைவீடுகளில் நடத்தும் உணவகங்கள் குறுகலானவை. தள்ளுவண்டியைவிட மார்போடு கட்டிக்கொள்ளும் துணிப்பை வசதி. சுவரோர மேசையோ வெளித் தாழ்வார மேசையோ கேளுங்கள். 2019 ஜனவரி முதல் உணவகங்களில் புகைபிடிக்கத் தடை, திறந்தவெளி மேசைகளும் அதில் அடக்கம் என்பதால் தாழ்வாரத்திலும் பிள்ளையோடு உட்காரலாம்.

உட்கார்ந்ததும் முதல் வேலை, குழந்தையின் கை எட்டும் தூரத்தைக் காலி செய்வது. கத்தி, மெழுகுவத்தி, தண்டு நீண்ட கண்ணாடிக் கிண்ணம், சூப் எல்லாம் அப்பால் போகட்டும். விரிப்பின் தொங்கும் ஓரத்தை மடித்து மேலே போட்டுவிடுங்கள். பிள்ளை அதைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் கொதிக்கும் சூப் மடியில் கொட்டும். பரிமாறும் தம்பியிடம், குழந்தையின் தலைக்கு மேலாகச் சூடான தட்டை நீட்ட வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம்.

ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு மசித்த வெறுஞ்சோறும் உப்பு, பெலாச்சான் சேராத வேகவைத்த மீனும் கேட்டால் பெரும்பாலான சமையலறைகள் மறுக்காது. தேன் கலந்த எதையும் ஒரு வயதுக்குள் கொடுக்கவே கூடாது. அதிலிருக்கக்கூடிய கிருமி உயிருக்கே ஆபத்தான பாட்டுலிசம் நோயைத் தரும். முழு வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் தொண்டையை அடைக்கும்.

அழத் தொடங்கினால் சமாதானம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஒருவர் உடனே வெளியே தூக்கிப் போய்விடுவது மரியாதை. அடுத்த பதார்த்தத்தைச் சற்று நிறுத்திவைக்கச் சொல்லலாம்.

குழந்தைகள் வேண்டாம் என்று முடிவெடுக்கும் உரிமை உணவகத்துக்கு உண்டு. ஆனால் அதைப் பாலம் தாண்டி வந்து வாசலில் நிற்பவரிடம் சொல்வது நியாயமில்லை. உணவக முதலாளிகளே, முன்பதிவுப் பக்கத்தில் அந்த ஒரு வரியை எழுதி வையுங்கள். பெற்றோரே, இடம் பிடிக்கும்போதே பிள்ளையின் வயதைச் சொல்லிவிடுங்கள்.