செப்டிக் டேங்க் லாரி எங்கே போகுது? – கசடு உலர்த்தும் படுகைகள்

போன எபிசோட்ல செப்டிக் டேங்க் பத்திப் பேசினோம். இன்னிக்கு, அதை உறிஞ்சிட்டுப் போற லாரி அந்தக் கழிவை எங்க கொட்டணும்ங்கிறதைப் பார்க்கலாம்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. 1,000 லிட்டர் கசடுல திடப்பொருள் 2 சதவீதம்னு வைங்க. அதாவது வெறும் 20 கிலோ. மீதி எல்லாம் தண்ணிதான். அதையே 40 சதவீதம் திடப்பொருள் வர்ற வரைக்கும் காய வெச்சா, மொத்த எடை 50 கிலோ. ஒரு டன் சமாச்சாரம் ஒரு மூட்டை அளவுக்குச் சுருங்கிடுது. அதனால இங்க பெரிய வேலையே தண்ணியைப் பிரிக்கிறதுதான்.

இதுக்கு மோட்டார் வெச்ச மெஷின்கள் இருக்கு. ஆனா கரன்ட் செலவும் பராமரிப்பும் சின்னப் பேரூராட்சிக்குக் கட்டுப்படியாகாது. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில 2017-ல தொடங்கின சுத்திகரிப்பு நிலையத்துல இருக்கிறது டிரையிங் பெட், அதாவது உலர்த்தும் படுகை.

அமைப்பு ரொம்ப எளிமை. கான்கிரீட் தொட்டி, அடியில ஓட்டை போட்ட குழாய், அதுமேல பெரிய ஜல்லி, சின்ன ஜல்லி, கடைசியா மணல். கசடை 20 செ.மீ. உயரத்துக்கு ஊத்துறாங்க. முதல் சில நாள்ல பெரும்பகுதித் தண்ணி மணல் வழியா இறங்கிடும். அப்புறம் வெயிலும் காத்தும் பார்த்துக்கும். வறண்ட ஏரித்தரை மாதிரி வெடிப்பு விட்டதும் மேலாக வாரி எடுக்கலாம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மணலும் கூடவே வரும், அதை நிரப்பணும்.

ரெண்டு விஷயம் மறக்கக் கூடாது. கீழ இறங்கற தண்ணி சுத்தமானது இல்ல, அதைத் தனியா சுத்திகரிக்கணும். காஞ்ச கசடும் உடனே உரம் ஆகிடாது. குடற்புழு முட்டைகள் காய்ஞ்ச பிறகும் பிழைச்சிருக்கும். மாசக்கணக்குல சேமிச்சு வெச்சோ, குப்பையோட சேர்த்துச் சூடேற மட்க வெச்சோதான் வயலுக்கு அனுப்பணும்.

இப்ப முக்கியமான கேள்வி: எத்தனை படுகை வேணும்? தினமும் 10,000 லிட்டர் வருதுன்னா, 20 செ.மீ. உயரத்துக்கு ஊத்த 50 சதுர மீட்டர் வேணும். ஒரு சுற்று முடிய 15 நாள்னா 15 படுகை, 750 சதுர மீட்டர். ஐப்பசி கார்த்திகை மழையில அதே சுற்று 25 நாளாச்சுன்னா? 1,250 சதுர மீட்டர்! சாஃப்ட்வேர்ல க்யூ நிரம்பற மாதிரிதான். வர்ற வேகம் மாறல, காலியாகிற வேகம் குறைஞ்சிடுச்சு. மழைக்காலத்துலதான் செப்டிக் டேங்க் நிரம்பி லாரிக்கு அழைப்பும் கூடும்.

அதனாலதான் மேல ஒளி புகும் கூரை போட்டு, காத்து வர பக்கவாட்டைத் திறந்தே விடுறாங்க. கூரைச் செலவை மிச்சம் பிடிச்சா, நவம்பர்ல வாசல்லயே லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டி வரும். அந்த லாரி ராத்திரி ஏரிக்கரைக்கோ வாய்க்காலுக்கோதான் போகும்.

உங்க ஊர் லாரி எங்க கொட்டுதுன்னு ஒருமுறை விசாரிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல, கீழ இறங்கின அந்தத் தண்ணிக்கு என்ன ஆகுதுன்னு பேசலாம்.