பழைய கணிப்பொறிக்குப் புதிய சேமிப்பகம்

சென்னைக்குத் தெற்கே, பல்லாவரத்தை அடுத்து மேற்கில் உள்ளது பம்மல். தமிழ் நாடகத் தந்தை எனப் போற்றப்பெறும் சம்பந்த முதலியாரின் பெயரோடு இணைந்த அவ்வூர், 2021ஆம் ஆண்டு முதல் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்தது. 2011ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு மேனிலை வகுப்பு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணிப்பொறி வழங்கத் தொடங்கிற்று. தமக்கை பெற்ற பொறியைத் தம்பி பயன்படுத்தும் வீடுகள் அங்கும் உண்டு. அப்பொறி விழித்தெழுவதற்குள் ஆற்றி வைத்த காப்பி குளிர்ந்துவிடும்! புதியது வாங்கப் பொருளில்லாதார் என் செய்வர்?

தாமதத்திற்குக் காரணம் பெரும்பாலும் சுழலும் வன்தட்டே. மடிக்கணிப்பொறிகளில் அது பொதுவாக நிமிடத்திற்கு 5,400 முறை, அஃதாவது நொடிக்கு 90 முறை சுழல்வது. வேண்டிய செய்தி படிக்கும் முனையின்கீழ் வரும்வரை பொறி காத்திருத்தல் வேண்டும். எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்திலோ சுழலும் உறுப்பே இல்லை. மின்னூட்டத்தைச் சிறைப்படுத்திச் செய்தியைக் காக்கும் சில்லுகளே உள. ஜப்பானிய அறிஞர் புஜியோ மசுவோக்கா 1980களில் வகுத்த முறை அது. ஒரு செய்தியைத் தேடிப் பிடிக்க வன்தட்டு நொடியில் நூற்றில் ஒரு பங்கு கொள்ளுமாயின், இது ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கே கொள்ளும்.

வாங்குமுன் பொருத்துவாயைக் காண்க. பழைய பொறிகளுக்கு ஏற்றது 2.5 அங்குலச் சாட்டா வகை. நொடிக்குப் பல்லாயிரம் மெகாபைட்டு கடத்தும் என்.வி.எம்.இ. வகையைக் கண்டு மயங்குதல் வேண்டா. அதற்குரிய வாய் அப்பொறிகளில் இராது. சாட்டா வழி நொடிக்கு 600 மெகாபைட்டு வரை கடத்தும். அதனினும் பழையதாயின் 300. அதனால் பயன் குன்றாது. ஏனெனில், மிச்சமாவது தேடும் காலமே. படிப்பிற்கு 256 கிகாபைட்டு போதும்.

பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழம்பொருள்கள் மலிவு. நாற்காலியை அங்கே வாங்கலாம், சேமிப்பகத்தை வாங்கலாகாது. அதன் அறைகள் ஓரளவு முறையே அழித்தெழுதத் தாங்கும். எவ்வளவு தேய்ந்தது என்பது புறத்தோற்றத்தில் புலப்படாது. ரிச்சி தெருவில் ரசீதும் உத்தரவாதமும் பெற்றுப் புதியதை வாங்குவதே தக்கது.

மாற்றுமுன் கோப்புகளைப் படியெடுத்தல் இன்றியமையாதது. வன்தட்டு கெடுமுன் பல வேளைகளில் கிறீச்சிட்டு எச்சரிக்கும். திண்மநிலைச் சேமிப்பகமோ ஓசையின்றித் திடீரென நின்றுவிடக் கூடும். ஆகவே, கழற்றிய வன்தட்டு நன்னிலையில் இருப்பின் எறிந்துவிட வேண்டா. சிறு உறையிலிட்டு யூ.எஸ்.பி. வழியே இணைத்தால், பாடக்குறிப்புகளுக்கும் குடும்பப் படங்களுக்கும் இரண்டாம் படி வைக்க அதுவே உதவும்.